இருபது அடி, துணையின்றி

எனக்கு வாய் நீளம் என்று ஊரில் பெயர். பாகூர் ஏரியின் இந்தக் கரையில் நின்று நான் ஒரு சத்தம் போட்டால் அந்தக் கரையில் மேய்கிற மாடு தலை தூக்கிப் பார்க்கும் என்பாள் என் நாத்தனார். அப்படிப்பட்ட வாயை வைத்துக்கொண்டு, பேச வேண்டிய இரண்டு இடத்தில் மூடிக்கொண்டேன். மூன்றாவது இடத்தில் கத்தினேன். அது யார் காதிலும் விழவில்லை.

என் வீட்டுக்காரர் குழந்தைவேல் கார்த்திகை மாதம் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தபோது வரப்பிலேயே சரிந்தார். ஐம்பத்தாறு வயது. பக்கவாதம் என்றார்கள். கோணிய வாய் பத்து நாளில் நேரானது. இடது கை பாதி வந்தது. இடது கால் வரவில்லை, மனசும் வரவில்லை. இரண்டு மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். சோறு ஊட்டினால் வாயைத் திறப்பார், கேட்டால் பதில் கிடையாது. நான் திட்டினேன், கெஞ்சினேன், அழுதும் பார்த்தேன். சுவருக்கு இருந்த மரியாதை எனக்கு இல்லை.

தை கடைசியில் டவுனில் ஒரு சிகிச்சை மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இளவரசி என்று ஒரு பிசியோ பெண். இருபத்தாறு வயது இருக்கும், முகத்தில் எரிச்சல் என்பதே கிடையாது. அவரைக் கண்ணை மூடச் சொல்லி இரண்டு உள்ளங்காலிலும் பஞ்சால் தடவினாள், ஊசி முனையால் தொட்டாள். வலது காலைத் தொட்டபோதெல்லாம் “ம்” என்றார். இடது காலைப் பத்துத் தடவை தொட்டாள். ஒரு “ம்” கூட வரவில்லை.

“பாதத்துல உணர்ச்சி இல்லம்மா,” என்றாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு. “மெதுவா வரலாம், வராமயும் போவலாம். சுடுதண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி நீங்க கைய வுட்டுப் பாருங்க. வெயில்ல வெறுங்காலோட வுடாதீங்க. சுட்டாக்கூட அவருக்குத் தெரியாது.”

சரி என்று தலையாட்டினேன். பிற்பாடு இதை மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு நாளும் மறக்கவில்லை.

அப்புறம் அவருடைய இடது மணிக்கட்டில் ஒரு கறுப்புப் பட்டையைக் கட்டி, என் போனில் ஒரு செயலியை ஏற்றினாள். நடந்தால் பட்டை எண்ணுமாம், போன் கணக்குச் சொல்லுமாம், இளவரசி அங்கே உட்கார்ந்தபடி பார்ப்பாளாம். முதல் திரையிலேயே ஒரு கேள்வி இருந்தது. “உங்கள் தனிப்பட்ட இலக்கு என்ன?”

“ஐயா, இத நீங்கதான் சொல்லணும்,” என்றாள் அவரிடம். “டீக்கடைக்கு நடந்து போவணுமா, பஸ் ஏறணுமா, வயலப் பாக்கணுமா? எது உங்க மனசுல இருக்குதோ அது. நாங்களா ஒண்ணு வெச்சா நீங்க நாலே நாள்ல வுட்டுடுவீங்க.”

அவர் எதிர்ச் சுவரைப் பார்த்தார். வெளியே யாரோ கூப்பிட, அவள் எழுந்து போனாள். அப்போதுதான் அவர் என் பக்கம் திரும்பினார்.

“வைகாசில தீ மிதிக்கணும் புவனா.”

இரண்டு மாதத்தில் அவராக எடுத்த முதல் பேச்சு அது.

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் வைகாசியில் தீமிதி. இருபத்திரண்டு வருஷம் விடாமல் மிதித்தவர் அவர். போன வருஷம் காப்புக் கட்டிய பிறகு பங்காளி வீட்டில் ஒரு சாவு. தீட்டு என்று காப்பை அவிழ்த்துவிட்டார்கள். அந்த வருஷமே விழுந்தார். ஆத்தாவுக்குப் பாக்கி வைத்ததால் வந்த வினை என்று அவர் நம்பினார். நானும் பாதி நம்பினேன். மீதிப் பாதியை வைத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

இளவரசி திரும்பி வந்தாள். “இன்னா சொல்றாரு ஐயா?”

நெருப்பு என்று சொன்னால் அந்தப் பெண் போனை மூடி வைத்துவிடுவாள். அவர் மறுபடி சுவரோடு போய்விடுவார். எனக்கு அது மட்டும்தான் அப்போது தெரிந்தது.

“கோயில்ல நடக்கணுமாம்,” என்றேன். “வைகாசித் திருவிழாவுல. ஒரு இருவது அடி.”

“சூப்பர்மா! புடிச்சுக்கினா, புடிக்காமயா?”

“புடிக்காம. தொணையில்லாம.”

“செருப்பு?”

“கோயில்ல யாரு செருப்பு போடுவா? வெறுங்கால்தான்.”

அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். எவ்வளவு தூரம், எந்த நாளுக்குள், எதற்காக, மூன்றும் இருக்கிறதாம். இலக்கென்றால் இப்படித்தான் இருக்க வேண்டுமாம். நான் சொல்லச் சொல்லப் போனில் அடித்தாள். “கோயில் திருவிழாவில் 20 அடி, வெறுங்காலில், துணையின்றி.” கீழே ஒரு தேதி. தேதிக்குப் பக்கத்தில் போனே போட்டுக்கொண்டது: “இன்னும் 118 நாள்.” சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் பேருந்துக்கு டிக்கெட் எடுத்துப் போய் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஆனால் அவர் எழுந்தார். மறுநாள் காலையில் நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருவதற்குள் கட்டிலில் உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “அந்தப் போனக் குடு” என்றார். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அன்றைக்குப் பாயசம் வைத்தேன்.

போனுக்குள் ஒரு பெண்குரல். சின்னப் பிள்ளைக்குச் சோறூட்டுகிற மாதிரி பேசும். “குதிகால். முழுப்பாதம். விரல். அவசரம் வேண்டாம். நன்றாக ஊன்றுங்கள். ஒன்று, இரண்டு. இப்போது அடுத்த கால்.” வாசலில் இரண்டு செங்கல்லை இருபது அடி இடைவெளியில் வைத்துக் கொடுத்தேன். இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல்லுக்கு. முதல் வாரம் என் தோளைப் பிடித்துக்கொண்டு, மாசி கடைசியில் தடியோடு, பங்குனியில் தடியை மாட்டுக்கொட்டகையில் வீசிவிட்டு. தினமும் முடிந்ததும் பட்டை அவர் கையில் விர்ரென்று அதிரும். போனில் பூ விழும். கடைசியில் ஒரு கேள்வி வரும்: “இன்று வலி எவ்வளவு? 0 முதல் 10 வரை.”

“சைபருன்னு போடு,” என்பார்.

நான் போடுவேன். “அருமை! வலியில்லாத 30-வது நாள்” என்று வரும். நாற்பதாவது நாள். ஐம்பதாவது நாள். ஐம்பதாவது நாளுக்குப் போனில் தங்கப் பதக்கம் ஒன்று தொங்கியது. தெருவில் போகிறவர்கள், “இன்னா புவனா, மாப்ளைக்குப் போன்காரி நட பழக்குறாளா?” என்று கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு மாதம் என்னிடம் பேசாத மனுஷர் அவளிடம் தினமும் பேசுகிறாரே என்று பொறாமைகூட வந்தது.

அக்கினி நட்சத்திரம் தொடங்கிய மூன்றாம் நாள். நடுப்பகல். நான் உள்ளே மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தேன். வெளியே போன்காரியின் குரல் கேட்டது. “முழுப்பாதம். நன்றாக ஊன்றுங்கள்.” எட்டிப் பார்த்தேன். வாசல் செங்கல்லை எடுத்துப்போய் எதிரே சிமெண்டுத் தெருவில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். வெறுங்கால். அந்தத் தெருவில் அந்த நேரத்துக்கு நாய்கூட நடக்காது.

அவருடைய வலது கால் பட்டவுடன் துள்ளியது. தரையில் ஒரு நொடி நிற்கவில்லை. இடது கால் அப்படியில்லை. குதிகால், முழுப்பாதம், விரல் என்று பதிந்து, நிழலில் நிற்பதுபோல் நின்றது. வலது துள்ள, இடது நிற்க, வலது துள்ள, இடது நிற்க. ஒரே ஆளின் இரண்டு கால்.

“யோவ்! உள்ள வாய்யா!” என்று ஓடினேன்.

உட்காரவைத்து இடது பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். குதிகாலில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கொப்புளம். விரலுக்கடியில் இரண்டு. அமுக்கினேன். அவர் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

“தெரியலியா மாமா?”

“இன்னாத்த?”

“வெந்து போயிருக்குது, பாரு!”

குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் சிரித்தார். அப்படி அவர் சிரித்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

“ஆத்தா குளுத்தி வெச்சிட்டாடி,” என்றார். “இருவத்திரண்டு வருசம் மிதிச்சேன், ஒவ்வொரு வருசமும் கொஞ்சமாச்சும் சுருக்குனு இருக்கும். இந்த வருசம் அதுகூட வாணாம்னு எடுத்துட்டா.”

அன்று மாலையும் போன் கேட்டது, வலி எவ்வளவு என்று. சைபர் போட்டேன். பூ விழுந்தது.

அடுத்த வாரம் மையத்தில் பரிசோதனை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் வெளியே பார்த்தபடியே சொன்னார். “நீ அந்தப் பொண்ணுகிட்ட வாயத் தொறந்தீன்னா நான் திரும்பப் படுத்துக்குவேன். அப்புறம் நீ சொவத்துக்கிட்ட பேசிக்கினு இரு.”

கொப்புளத்துக்கு மருந்து வைத்துக் காலுறை மாட்டியிருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனால் இளவரசி காலுறையைக் கழற்றச் சொல்லவில்லை. காலைக் குறித்து அவள் கவலைப்பட வேண்டிய எதுவும் அவள் திரையில் இல்லை. தொண்ணூற்றாறு நாள் கணக்கு, ஒரு நாள்கூட விடுபடவில்லை, வலி முழுக்கச் சைபர். மற்ற நோயாளிகளைக் கூப்பிட்டு அவரை நடக்கச் சொல்லிக் காட்டினாள். நொண்டிக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

“நடை ரொம்ப அழகா இருக்குது ஐயா. அவசரமே இல்ல. இப்படியே போங்க,” என்றாள். என்னிடம் திரும்பி, “கால்ல உணர்ச்சி எப்படிம்மா இருக்குது? வெயில்ல பாத்துக்கிறீங்கல்ல?” என்று கேட்டாள்.

சரியான கேள்வி. இதற்கு மேல் அந்தப் பெண் என்ன செய்வாள்? அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்குப் பின்னால் எங்கள் வீட்டுச் சுவர் தெரிந்தது எனக்கு.

“பாத்துக்கிறேன் டாக்டரம்மா,” என்றேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காப்புக் கட்டினார்கள். பத்தாம் நாள், ஞாயிறு, தீ. காப்புக் கட்டியவர் ஊர் எல்லை தாண்டக் கூடாது, வீட்டுப் பாயில் படுக்கக் கூடாது, கோயிலிலேயே இருக்க வேண்டும். கட்டிய காப்பை மனுஷர் அவிழ்க்கக் கூடாது, சாவு ஒன்றைத் தவிர. நான் கூழ் கொண்டுபோய்க் கொடுக்கும்போதெல்லாம் அவர் மணிக்கட்டுகளைப் பார்ப்பேன். வலது கையில் மஞ்சள் கயிறு. இடது கையில் கறுப்புப் பட்டை. பட்டையையும் கழற்றமாட்டேன் என்றுவிட்டார். போன் என் இடுப்பில் இருந்தது. ஒவ்வொரு விடியலிலும் அது எண்ணியது. இன்னும் 6 நாள். இன்னும் 5 நாள். நான் பயந்து பயந்து பார்ப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இளவரசிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. விடுமுறை. செயலியில் எழுதலாம் என்று சொல்லியிருந்தாள். எழுதினேன்: “அவர் நெருப்பு மிதிக்கப் போகிறார். அதுதான் அந்த இருபது அடி. நான் மறைத்துவிட்டேன். என்ன செய்ய?” அனுப்பின நிமிஷமே பதில் வந்தது. உயிரே வந்ததுபோல் திறந்தேன். “உங்கள் செய்தி கிடைத்தது. வேலை நாளில் பதிலளிப்போம். உங்கள் இலக்குக்கு இன்னும் 0 நாள். உங்களால் முடியும்!”

தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். இருந்தாலும் வாலையாவது பிடிப்போம் என்று கோயில் தர்மகர்த்தா முத்துசாமி அண்ணனிடம் ஓடினேன். கொப்புளம் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“காப்ப அவுக்கச் சொல்ல நான் யாரும்மா? போன வருசம் அவுத்ததுக்கே இந்த கதி,” என்றார். கொஞ்சம் யோசித்தார். “ஒண்ணு செய்யலாம். எம் பையன் ராஜேஷ்குமாரும் இன்னொருத்தனும் ஆளுக்கொரு கையப் புடிச்சுக்கட்டும். ஏழெட்டு எட்டு வெச்சா போதும், ஒரே ஓட்டம். பாதம் பதியறதுக்குள்ள இட்டுக்கினு போய் பாலுகுழியில நிறுத்திடுவானுங்க. நீ பயப்படாத.”

எனக்கு மூச்சு வந்தது. தீயில் யாரும் நடப்பதில்லை. அவரும் அந்த இருபத்திரண்டு வருஷமும் ஓடித்தான் கடந்தார், கண் மூடித் திறப்பதற்குள். ஓட்டம்தான் காப்பாற்றுகிறது, அது எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. அவரிடம் போய், ரெண்டு பேர் பிடித்துக்கொள்வார்கள் என்று சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மதியமே கட்டை அடுக்கிக் கொளுத்திவிட்டார்கள். நாலு மணிக்குக் கங்குகளை நீளக் கழியால் பரப்பிச் சமமாக்கினார்கள். இருபது அடி நீளம், கடைசியில் பாலும் தண்ணீரும் ஊற்றிய சின்னக் குழி. பெண்கள் நிற்கிற கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்தே முகம் பொசுங்கியது. ஐந்தரைக்கு ஏரியில் குளித்துவிட்டு வரிசை வந்தது. நாற்பது பேர், ஈர மஞ்சள் வேட்டி, கையில் வேப்பிலை. பம்பை அடித்தது. “கோவிந்தா! கோவிந்தா!” முதலில் கரகம் போனது. பின்னாலேயே ஒவ்வொருவராக ஓடினார்கள். கங்கு தெறிக்கத் தெறிக்க ஓடிப் பால்குழியில் விழுந்தார்கள்.

பதினேழாவது ஆள் அவர். ராஜேஷ்குமார் வலது கையைப் பிடித்திருந்தான், அவன் கூட்டாளி இடது கையை. நல்ல கெட்டியான பையன்கள். நான் கயிற்றை இறுகப் பிடித்தேன்.

விளிம்புக்கு வந்ததும் அவர் நின்றார். கூட்டத்தில் என்னைத் தேடினார். கண்டுபிடித்தார். முதலில் வலது கையை உதறினார். அப்புறம் இடது கையை.

“வுடுங்கடா. தொணையில்லாமப் போவணும்.”

பம்பைச் சத்தத்திலும் எனக்கு அது கேட்டது. என் வாயிலிருந்து போன வார்த்தை.

பையன்கள் தயங்கினார்கள். சாமி வந்தவர் சொல்கிறார், யார் மீறுவார்கள்? கையை விட்டார்கள். அவர் இறங்கினார்.

குதிகால். முழுப்பாதம். விரல்.

“ஓடு மாமா!” என்று கத்தினேன். “ஓடுய்யா! ஓடு!” ஏரிக்கு அந்தக் கரையில் மாட்டைத் திருப்புகிற குரல். நூறு பேர் கோவிந்தா போட்டார்கள், அதற்குள் போய்ச் செத்தது.

அவர் ஓடவில்லை. போன்காரி சொல்லிக்கொடுத்த மாதிரி நடந்தார். வலது கால் துள்ளித் துள்ளி எழுந்தது. இடது கால் நன்றாக ஊன்றியது. ஒன்று, இரண்டு. அவர் உதடு எண்ணுவது எனக்குத் தெரிந்தது. நாலு மாதம் வாசலில் பழகிய நடை, ஒரு தப்பில்லை. நிமிர்ந்த தலை, அவசரமில்லாத அடி. தீயில் நிதானமாக நடக்கிறவரை ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஒருத்தி “ஆத்தா!” என்று அலறிக் கீழே விழுந்தாள். அதோடு ஊரே குலவையிட்டது. முத்துசாமி அண்ணன் கும்பிட்ட கையோடு அழுதுகொண்டிருந்தார். நான் மட்டும் அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பால்குழியில் நின்றபோது பாலில் சுர்ரென்று சத்தம் வந்தது. ஏறி வந்து மணலில் நின்றார். கயிற்றுக்கடியில் நுழைந்து ஓடினேன். அதற்குள் நாலைந்து பெண்கள் அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் குனிந்துவிட்டார்கள். முதலில் தொட்டவள் கையைச் சட்டென்று இழுத்தாள். விரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பின்வாங்கி நகர்ந்தாள். அவர் நின்ற இடத்தில் மணல் நனைந்து கறுத்திருந்தது. அது பால் இல்லை.

அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. முகம் பூராவும் சிரிப்பு. கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்தவரில்லை.

“பாத்தியாடி? யாரையும் புடிக்கல.”

அவர் மணிக்கட்டில் பட்டை விர்ரென்று அதிர்ந்தது. என் இடுப்பில் போனும் அதிர்ந்தது. எடுத்தேன். திரை நிறையப் பூ. “வாழ்த்துகள்! உங்கள் இலக்கை எட்டிவிட்டீர்கள். இன்று வலி எவ்வளவு?”

“இன்னா கேக்குது?” என்றார்.

“வலி எவ்ளோன்னு கேக்குது.”

“சைபருன்னு போடு.”

நாலு மாதத்தில் முதல் தடவையாக அவர் சொன்னதை நான் போடவில்லை. பத்தை அமுக்கினேன். போனை மணலில் எறிந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். அவர் இடது காலைத் தூக்கி என் மடியில் வைத்தேன். சேலை வழியாக என் தொடையில் சூடு ஏறியது. அவருடைய கால் அவ்வளவு சூடாக இருந்தது.

அவர் என் தலையில் கைவைத்துத் தாங்கிக்கொண்டு, குனிந்து, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

“ஏன்டி அழுவுற?”